அப்பளம் நொறுங்காத வீடு

என் அத்திம்பேர் ஜெயகிருஷ்ணன் வீட்டில் அப்பளம் சாப்பிடுவதற்கென்று ஒரு முறை உண்டு. பொரித்த அப்பளத்தை முழுசாகச் சாம்பாரில் அமுக்கி, அது நனைந்த துணி மாதிரி தொய்ந்த பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு கெடும். பாட்டு கெட்டால் அத்திம்பேர் முகம் கெடும். அவர் பெண் அனகா சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் சாப்பிடுகிறாள். மைசூரிலேயே குவெம்பு நகரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அதே கதை. "இங்க எந்தப் பாட்டும் ஓடலையேடி" என்று என் மனைவி சொன்னால், சிரித்துக்கொண்டே அமுக்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அத்திம்பேர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் அக்கா பாலாம்பாள் என்னோடு பேசமாட்டாள். அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காகத் திருச்சிப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஷண்டிங் இன்ஜின் ஊதும், வேகன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும், ஜன்னல் கம்பி அதிரும். இருக்கிற சின்ன இடத்தில் வீடு நிறைய ஆட்கள். சின்ன வயசில் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அவரும் ரயில்வே கணக்குப் பிரிவில் சேர்ந்து, யாதவகிரியில் சொந்த வீடு கட்டியதும், கூடத்தைப் பாட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டார். வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்ட் பிளேயர், ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு, எதிரே ஒரே ஒரு நாற்காலி. அந்த நாற்காலி இருக்கிற இடத்தில்தான் இரண்டு ஸ்பீக்கரும் சரியாகச் சேருமாம். தள்ளி உட்கார்ந்தால் பாதிதான் கேட்குமாம். ஆக, அந்த வீட்டில் முழுப் பாட்டு கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் அவர் உட்கார்ந்ததும் வீடு ஊமையாகிவிடும். அக்கா கை வளையல்களை முழங்கைவரை ஏற்றி இறுக்கிக்கொள்வாள், கிலுகிலுக்கக் கூடாதென்று. குக்கர், மிக்ஸி எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காபி வேண்டுமா என்பதற்குக் கட்டைவிரல், வாசலில் ஆள் வந்திருக்கிறது என்பதற்குத் தோளைத் தொடுவது, போதும் என்பதற்கு உள்ளங்கை. அம்மாவும் பெண்ணும் கையாலேயே ஒரு பாஷை வைத்திருந்தார்கள். தப்பித்தவறி யாராவது வாயைத் திறந்தால் நாற்காலியிலிருந்து "ஷ்" என்று வரும். கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். அந்த ஒரு "ஷ்" போதும். அனகா வளர்ந்தது அதைக் கேட்டுத்தான்.

அவளுக்குப் பேச வராமல் இல்லை. ஹெப்பாள் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அங்கே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எல்லாரோடும் பேசத்தான் செய்கிறாள். ஆனால் புது மனிதர்கள் எதிரே இருந்தால், அதிலும் பக்கத்தில் அப்பா இருந்தால், வாயே திறக்காது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். அதில் ஒரு மாமி வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "பொண்ணுக்குப் பேச்சு வருமோன்னோ?" என்றே கேட்டுவிட்டாள். அந்தச் செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. அது அனகாவின் காதிலும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த ஜாதகம் வந்தாலும் அவள் முகம் வெளிறிப்போகும்.

சுஹாஸ் ஜாதகம் நான் கொண்டுவந்தது. விஜயநகரில் இருக்கும் பாச்சு சாரின் பையன், பொறுமையான பிள்ளை. முதலில் இரண்டு பேரும் மெசேஜ் அனுப்பிக்கொள்ளட்டும் என்று விட்டோம். கொஞ்ச நாளில் அனகா ஆளே மாறிப்போனாள். போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் போன் பண்ணட்டுமா என்று கேட்டபோதெல்லாம் மீட்டிங், தலைவலி என்று தட்டிக்கழித்தாள். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் முடிவானதும் என்னிடம் வந்து நின்றாள்.

"பயமா இருக்கு மாமா. மெசேஜ்ல எழுதறவ யாரோ, எதுத்தாப்பல உக்காந்திருக்கறவ யாரோன்னு அவர் நெனச்சுட்டார்னா?"

"அப்படியெல்லாம் நெனைக்க மாட்டான்டி."

"இதுவும் ஆகலைன்னா இனிமே நான் யாரையும் பாக்கமாட்டேன். அஷ்டே."

அஷ்டே என்றால் கன்னடத்தில் அவ்வளவுதான். ஒரு விஷயத்தை முடித்துவிட்டாள் என்றால் அனகா அந்த வார்த்தையைத்தான் போடுவாள். அது வந்துவிட்டால் பிறகு அவளை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களில் இப்போதெல்லாம் பஜ்ஜி, சொஜ்ஜி கிடையாது. இரண்டு வீட்டாரும் எங்கேயாவது பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது போலச் சந்திப்பார்கள். பிடித்தால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் பெண் பார்த்தார்கள் என்ற பேச்சே கிடையாது, வழியில் பார்த்தோம் என்று போய்விடலாம். அக்கா நஞ்சன்கூடு கோயில் என்றாள். நான் காரஞ்சி ஏரி என்றேன், நடந்துகொண்டே பேசலாமே என்று. அத்திம்பேர் இரண்டையும் காதில் வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு பெரிய ஓட்டலில், வீட்டில் பாட்டு கேட்கும் உசந்த ரக சாமான்களுக்கெல்லாம் கண்காட்சி. பாச்சு சாருக்கும் பாட்டுப் பைத்தியம் உண்டு என்று தெரிந்ததும், "அங்கேயே வெச்சுண்டா இயல்பா இருக்கும்" என்று அவரே போன் போட்டுப் பேசி முடித்துவிட்டார். பேச்சே வராத பெண்ணை, பேசவே கூடாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளை பார்க்கச் சொல்கிற புத்தி இவர் ஒருத்தருக்குத்தான் வரும். அக்காவிடம் சண்டை போட்டேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போனபோது ஓட்டல் முழுக்கக் கூட்டம். அறைகளிலிருந்து கட்டில்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லா ஜன்னலுக்கும் கனத்த திரை. உள்ளே பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்கள், தரையில் பூசணிக்கொடி கனத்தில் ஒயர்கள். அவற்றுக்கு முன்னால் வயசானவர்களும் வாலிபர்களும் கண்ணை மூடிக்கொண்டு, கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் அமைதி காக்கவும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அனகா என் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒழுங்கா ஏரிக்கே போயிருக்கலாம்" என்றேன்.

"நீ சும்மா இருடா. இருக்கற கவலை போறும்" என்றாள் அக்கா. பட்டுப்புடவை சரசரக்கிறது என்று அத்திம்பேர் கிளம்பும்போதே ஒரு பார்வை பார்த்திருந்தாராம். அதனால் வேறு அவள் காலை ஒட்டி ஒட்டி வைத்து நடந்தாள்.

பாச்சு சார் குடும்பம் இன்னும் வரவில்லை. அக்காவும் அனகாவும் முகம் கழுவப் போன சமயத்தில் அத்திம்பேர் என்னை நடைபாதை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். பக்கத்து அறையில் ஒரு வீணை அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அவர் காலே நகர்ந்திருக்காது. அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சேகரா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. இவ வாயைத் தெறக்காததுக்கு நான்தான் காரணம்னு உங்கக்கா சொல்றா. நெஜமா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்ததிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆமா அத்திம்பேர். பின்ன வேற யாரு?" என்றேன்.

அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார். சொன்ன மறு நிமிஷமே, ஐயோ, இதை இன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. அவர் ஏதாவது கோபத்தில் கிளம்பிப் போய்விட்டால் எல்லாம் பாழ். அதற்குள் மாடிப்படியில் பாச்சு சாரின் குரல் கேட்டுவிட்டது.

"அடடே, ஜெயகிருஷ்ணன் சாரா! நீங்க எங்க இங்க!"

"அட, நீங்களா! பாருங்கோ, என்ன ஆச்சரியம்!" என்றேன் நான். எங்கள் இரண்டு பேர் நடிப்பையும் பார்த்து ஒரு சின்னக் குழந்தைகூட நம்பியிருக்காது. அதற்குள் அனகாவோடு திரும்பி வந்திருந்த அக்காவைப் பார்த்துப் பாச்சு சாரின் மனைவி சிரித்தாள். சுஹாஸ் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றான். அனகா தலையை ஆட்டினாள். அவன் ஏதோ கேட்டான். மறுபடியும் தலையை ஆட்டினாள்.

எதிர் அறையின் வாசலில் நின்றிருந்த நஞ்சுண்டசாமி, அந்த அறையை எடுத்திருந்த கம்பெனியின் ஆள், எங்களை உள்ளே கூப்பிட்டார். அத்திம்பேரை அவருக்கு ஏற்கெனவே பழக்கம். நடு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். பக்கத்தில் பாச்சு சார். அவர்களுக்குப் பின்னால் பெண்மணிகள் இருவரும் நானும். கடைசியாகக் கதவோரம் அனகாவும் சுஹாஸும். எங்களைத் தவிர இன்னும் சிலர் சுவரோரம் இருந்தார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும், அதற்குப் பிறகுதான் அதன் முழுக் குரலும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் நஞ்சுண்டசாமி. பிறகு விளக்கைக் குறைத்தார். அக்கா தன்னையறியாமல் வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டாள்.

வயலின் தொடங்கியது. நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ஒரு ஸ்வரமும் காதில் ஏறவில்லை. காதெல்லாம் முதுகுப்புறம்தான்.

சுஹாஸ் ஏதோ மெல்லக் கேட்டான். நான் லேசாகத் திரும்பி ஓரக்கண்ணால் பார்த்தேன். அனகா பதிலுக்குக் கட்டைவிரலைக் காட்டி, பிறகு உள்ளங்கையைக் காட்டினாள். அந்த வீட்டு பாஷை. அவனுக்கு என்ன புரியும்? விழித்தான். பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்து, போனை எடுத்து அவளுக்கு மெசேஜ் அனுப்பினான். அவள் போனில் வெளிச்சம் வந்தது. அவள் முகத்திலும் வந்தது. கட்டைவிரல்கள் பரபரவென்று ஓடின. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசிக்கொள்கிறார்களே என்று சிரிப்பாக இருந்தாலும், எப்படியோ நடந்தால் சரி என்று எனக்கு மூச்சு வந்தது.

அதுவும் நிலைக்கவில்லை. "சார், போன் ஆஃப் மாடி, ப்ளீஸ். லைட் தொந்தரவாகும்" என்று போனை அணைக்கச் சொன்னார் நஞ்சுண்டசாமி. இரண்டு வெளிச்சமும் அணைந்தன.

அதற்குப் பிறகு இருட்டு, வயலின், அவ்வளவுதான். முன்னால் பாச்சு சார் தொடையில் தாளம் போட்டு, "பலே" என்று வாய்விட்டுச் சொன்னார். அத்திம்பேர் எங்கே அந்த "ஷ்"ஷைச் சம்பந்தியாக வரப்போகிறவரிடமே காட்டிவிடுவாரோ என்று அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். பாச்சு சாரின் மனைவி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது, பேசாமல் குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணையும், கதவைப் பார்த்துக்கொண்டிருந்த தன் பையனையும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன். இந்த வயலின் முடியும், விளக்கு வரும், கை கூப்புவார்கள், வழியில் பார்த்தோம் என்று போய்விடுவார்கள். வீட்டுக்குப் போகிற வழியில் காரில் அனகா வாயைத் திறந்தால், அந்த ஒரு வார்த்தைதான் வரும். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொன்னால் என்ன.

வயலின் இழைந்து இழைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிந்துபோன இடத்தில்தான் அனகாவின் குரல் கேட்டது. எவ்வளவு மெதுவாகப் பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அறை முழுக்கக் கேட்டது.

"நான் பேசுவேன். ஸ்டார்ட் ஆக ஸ்வல்ப டைம் ஆகும், அஷ்டே."

"அந்த ஆம்ப்ளிஃபயர் மாதிரியா?" என்றான் சுஹாஸ்.

அனகா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, பெரிசாக. அந்தச் சிரிப்பை அவள் எத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தாளோ. சுவரோரம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருவர் உச்சுக் கொட்டினார். நஞ்சுண்டசாமி விரலை உதட்டில் வைத்து, "ஷ்... சைலன்ஸ் ப்ளீஸ்" என்றார்.

அனகாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அத்திம்பேர் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் வாய்மேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தார். பாட்டு ஓடும்போது அவர் எழுந்து நான் பார்த்ததே கிடையாது. அக்கா முனகினாள், "ஏன்னா, வேண்டாம்னா." அனகா நாற்காலிக்குள் ஒடுங்கினாள். நான் பாதி எழுந்துவிட்டேன், பெண்ணை ஏதாவது சொன்னாரென்றால் அங்கேயே அவரை ஒரு வழி பண்ணிவிடுவது என்று.

அவர் பின்பக்கம் வரவில்லை. நேரே நஞ்சுண்டசாமியிடம் போனார்.

"ஸ்வாமி, ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி. நம்ம மகளு மாத்தாட்தா இதாளே."

கொஞ்சம் சத்தத்தைக் குறையுங்கள், என் பெண் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றார்.

நஞ்சுண்டசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அறைக்கு வந்தவர்கள் ஏற்றச் சொல்லிக் கேட்டிருப்பார்கள், குறைக்கச் சொல்லி யார் கேட்டிருப்பார்கள்? ஆனாலும் குறைத்தார். சுவரோரத்து மனுஷர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வேறு அறைக்குப் போனார்கள். போகட்டும். அத்திம்பேர் திரும்பி வந்து, நடு நாற்காலியில் உட்காராமல், என் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய கையை நான் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் எனக்கு இருந்த அத்தனை வருஷக் கோபமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

எங்கே மறுபடியும் அவளுக்குப் பேச்சு நின்றுவிட்டதோ என்று அக்கா, அத்திம்பேர், நான் மூன்று பேரும் பின்பக்கமே காதாக இருந்தோம்.

"ஆமேலே?" என்றான் சுஹாஸ். அப்புறம் என்று அர்த்தம்.

"ஆமேலே என்ன? நீங்க அன்னிக்கு எழுதினேளே, உங்க ஆபீஸ் பாஸைப் பத்தின கதை, அதை மொதல்லேருந்து சொல்லுங்கோ. எனக்கு நெறைய டவுட் இருக்கு" என்றாள் அனகா.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து என்னென்னவோ. அக்கா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள், வளையல்கள் சரிந்து கிலுகிலுத்தன. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் எல்லாரும் அந்த ஓட்டலிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். தற்செயலாகத்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் எங்காத்துக்கு வரணும். இனிமே இந்த ஆச்சரியமெல்லாம் வேண்டாம், சொல்லிண்டே வாங்கோ" என்றார் பாச்சு சார். அவர் மனைவி அனகாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அனகா வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு வந்தது. பேச்சு மும்முரத்தில் அனகா தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து, பழக்கப்படி சாம்பார்ப் பக்கம் கொண்டுபோனாள். அத்திம்பேர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

"கடிச்சுச் சாப்பிடும்மா" என்றார். தன் தட்டிலிருந்த அப்பளத்தையும் எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

அனகா கையிலிருந்த அப்பளத்தைச் சாம்பார்ப் பக்கத்திலிருந்து எடுத்தாள். பிறகு கடித்தாள். அந்தச் சத்தம் பக்கத்து மேஜைவரை கேட்டது.